பொருள் வேறு, அது சொல்லும் கதை வேறு

போலி வரலாறு, வரலாற்றுத் தொன்மங்கள், போலித் தொல்பொருள்கள் ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். ஒன்றையே பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளி வரலாற்று மன்றத்துக்காக, உண்மையென நம்பப்பட்டுப் பின்னர் பொய்யெனத் தெரிந்தவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறோம். அட்லாண்டிஸ், பில்ட்டவுன் மனிதன், வைக்கிங்குகளின் கொம்புத் தலைக்கவசம் என எல்லாமே ஒரே தலைப்பின்கீழ் வந்து குவிகின்றன. இவற்றை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? — ஓர் ஆசிரியர்

பதில்: நான்கு வகைகள் போதும் என்பது என் கருத்து. ஒருவர் பிழையாகவோ அழகுக்காகவோ சொன்னதைப் பிறர் சரிபார்க்காமல் திருப்பிச் சொல்லி, அதனாலேயே நிலைபெற்றுவிட்ட தவறான செய்தி முதல் வகை. கொம்புத் தலைக்கவசம் அதில் சேரும். நிகழ்ந்ததைப் பதிவு செய்யும் நோக்கமின்றி, ஒரு சமூகத்தின் நினைவாகவோ ஓர் ஆசிரியரின் கருத்தை விளக்கும் கதையாகவோ பிறந்த தொன்மம் இரண்டாவது வகை. ஆய்வைப் போலவே அடிக்குறிப்பும் வரைபடமும் காலக்கோடும் காட்டினாலும், முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதற்கு உதவும் சான்றுகளை மட்டும் பொறுக்கும் போலி வரலாறு மூன்றாவது. பிற்காலத்தில் செய்து பழமையின் பெயரில் உலவவிட்ட போலித் தொல்பொருளும் போலி ஆவணமும் நான்காவது.

ஆனால் வகைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது, எதை வகைப்படுத்துகிறோம் என்பது. உங்கள் பட்டியலை அட்டவணையாக்கி, பொருளுக்கு ஒரு பத்தியும் அதைப் பற்றிய கூற்றுக்கு இன்னொரு பத்தியும் போட்டுப் பாருங்கள். குழப்பத்தில் பாதி அப்போதே தீரும். 1930-களில் பாக்தாதுக்கு அருகில் கிடைத்த மண்சாடி உண்மையான பழம்பொருள். அதனுள் ஒரு செப்புக் குழலும் இரும்புக் கம்பியும் இருந்ததைக் கொண்டு அது பழங்கால மின்கலம் என்று சொன்னது சான்றில்லாத கூற்று. மின்சாரத்தை வெளியே எடுக்கும் கம்பியோ அதைப் பயன்படுத்திய கருவியோ எங்கும் கிடைக்கவில்லை. சாடி மெய், கதை பொய். இதற்கு நேர்மாறாகப் பொருள் பொய்யாகவும் கூற்று மெய்யாகவும் அமைவது உண்டு. வின்லாந்து வரைபடத்தைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள். போலி எலும்புகளைக் கொண்டு ஆதிமனிதனாகக் காட்டப்பட்ட பில்ட்டவுன் மனிதனில் இரண்டுமே பொய்.

மூன்றாவது பத்தி ஒன்றையும் சேர்க்கலாம், அது ஆண்டுக்குரியது. ஏனெனில் ஒரே செய்தி காலப்போக்கில் வகை மாறும். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் தீவு முதன்முதலில் தலைகாட்டுவது கி.மு. 360 வாக்கில் பிளேட்டோ எழுதிய இரண்டு உரையாடல்களில்தான். அங்கே அது செருக்குற்ற ஓர் அரசின் வீழ்ச்சியைக் காட்டும் கதை. 1882-இல் அமெரிக்க அரசியல்வாதி இக்னேஷியஸ் டானலி, உலக நாகரிகங்கள் எல்லாம் அந்தத் தீவிலிருந்தே பரவின என்று ஒரு நூலே எழுதியபோது அது போலி வரலாறாக மாறியது. பிளேட்டோவைப் பொய்யர் என்று பட்டியலில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: தொன்மத்தைப் போலி வரலாற்றிலிருந்து பிரித்தால், குமரிக்கண்டத்தை எதில் சேர்ப்பீர்கள்? — இருவர் கேட்டிருக்கிறார்கள்

பதில்: இரண்டிலும் சேர்ப்பேன், ஆனால் வேறுவேறு பகுதிகளை. சிலப்பதிகாரத்திலும் இறையனார் களவியல் உரையிலும் கடல் நிலத்தைக் கொண்ட செய்தி இருக்கிறது. அது மரபு சுமந்து வந்த நினைவு, இலக்கியத்துக்குள் தனக்குரிய இடம் கொண்ட தொன்மம். அதில் எவ்வளவு நிகழ்ச்சி, எவ்வளவு புனைவு என்று ஆராய்வது முறையான ஆய்வுதான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததும், பின்னர் பல ஆயிரம் ஆண்டுகளில் அது உயர்ந்து கரையோர நிலங்களை மூடியதும் அறிவியல் ஏற்றுக்கொண்ட உண்மைகள்.

லெமூரியாக் கண்டத்தின் பிறப்பு வேறு இடத்தில் நிகழ்ந்தது. 1864-இல் ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரில் வாழும் லெமூர் இனத்தோடு உறவுடைய விலங்குகள் இந்தியாவிலும் காணப்படுவதற்கு விளக்கம் தேடி, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்கலாம் என்று கருதினார். அன்றைய நிலையில் அது நேர்மையான அறிவியல் ஊகம். பிழையான ஊகத்தைப் போலி என்று சொல்வது தவறு. பின்னர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதை மனித இனத்தின் தொட்டில் என்றார். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் மறைஞானக் கதைகளை அதன்மேல் ஏற்றினார். கண்டங்களே நகர்கின்றன என்று வெகனர் 1912-இல் முன்வைத்த கருத்து 1960-களில் உறுதிப்பட்டபோது, மூழ்கிய கண்டம் என்ற ஊகத்துக்கே தேவை இல்லாமல் போயிற்று. விலங்கியலாளர் கைவிட்ட அந்தக் கண்டத்தை எடுத்து, நம் இலக்கியங்கள் சொல்லும் கடல்கோளோடு ஒட்டி, மாபெரும் நிலப்பரப்பாக வரைபடம் வரைந்து, அதுவே மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு என்று சொல்லும் இடத்தில்தான் தொன்மம் போலி வரலாறாகிறது. 2013-இல் மொரீஷியஸ் தீவின் கடற்கரை மணலில் மிகப் பழைய சிர்கான் துகள்கள் கிடைத்து, அத்தீவின் அடியில் ஒரு சிறு கண்டத்துண்டு புதைந்திருக்கலாம் என்று புவியியலாளர்கள் எழுதியதும், லெமூரியா கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியது. அந்தத் துண்டு பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மனிதரே இல்லை.

கேள்வி: கொம்புத் தலைக்கவசம் போன்ற தவறான செய்திகள் எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றுகின்றன?

பதில்: பெரும்பாலும் காட்சியாலும் நல்ல கதைசொல்லியாலும். 1876-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத் தொடர் பாய்ரோய்ட் நகரில் மேடையேறியபோது உடையமைப்பாளர் டோப்ளர் பாத்திரங்கள் சிலருக்குக் கொம்பு வைத்தார். இடைக்கால வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் உருவம் மக்கள் மனத்தில் அப்படியே பதிந்தது. 1943-இல் நார்வேயின் யெர்முண்டுபு என்ற இடத்தில் கிடைத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. டென்மார்க்கில் கிடைத்த கொம்புள்ள கவசங்களோ வைக்கிங்குகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முந்திய வெண்கலக் காலத்தவை. கொலம்பஸ் காலத்து அறிஞர்கள் உலகம் தட்டை என்று நம்பினார்கள் என்பதும் இத்தகையதே: 1828-இல் வெளிவந்த, வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வாழ்க்கை வரலாறு அதைப் பரப்பியது. உண்மையில் கொலம்பஸுக்கும் அறிஞர்களுக்கும் இடையே இருந்த வழக்கு உலகத்தின் வடிவத்தைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. அந்த வழக்கில் அறிஞர்களின் கணக்கே சரி.

ஒரு வகை இன்னொரு வகையைப் பெற்றெடுப்பதற்கு இரும்புக் கன்னி நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே முட்கள் பொருத்திய பெண்ணுருவப் பெட்டியில் இடைக்காலத்தில் மனிதரை அடைத்துக் கொன்றார்கள் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய எழுத்தாளர் சீபன்கேஸ் எழுதினார். அதற்கு முந்திய காலத்தில் அத்தகைய கருவி இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஆனால் கதை பரவிய பின்னர், 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கதைக்கேற்ற பெட்டிகள் செய்யப்பட்டுக் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. கதை முந்தியது, பொருள் பிந்தியது.

கேள்வி: கரிமக் காலக்கணிப்பு போன்ற ஆய்வக முறைகள் இருக்கும்போது போலிகளைக் கண்டுபிடிக்க ஏன் பல ஆண்டுகள் ஆகின்றன? — கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: ஆய்வகம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். கரிமக் காலக்கணிப்பு, தோல் எந்தக் காலத்து விலங்கினுடையது, மரம் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்லும். அந்தத் தோலின்மேல் எப்போது எழுதினார்கள் என்பதைச் சொல்லாது. கல்லின் வயதை அறிந்தால் அது உருவான காலம் தெரியும், செதுக்கிய காலம் தெரியாது. பொன்னில் கரிமமே இல்லை.

வின்லாந்து வரைபடத்தின் வரலாறு இதை நன்றாக விளக்கும். கிரீன்லாந்துக்கு மேற்கே வின்லாந்து என்று ஒரு தீவைக் காட்டும் அந்த வரைபடத்தை, கொலம்பஸுக்கு முன்பே ஐரோப்பியர் அமெரிக்காவை அறிந்திருந்ததற்குச் சான்றாக யேல் பல்கலைக்கழகம் 1965-இல் வெளியிட்டது. தோலைச் சோதித்தபோது அது 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றே தெரிந்தது. போலி செய்தவர் வெற்றுத் தாள் உள்ள பழைய ஏட்டைத் தேடிப் பிடித்திருக்கிறார். மையில்தான் அவர் அகப்பட்டார். 1970-களின் தொடக்கத்தில் வால்டர் மெக்ரோன், மையில் அனடேஸ் வடிவ டைட்டானியம் டையாக்சைடு இருப்பதைக் கண்டார். அது 1920-களில் வணிகத்துக்கு வந்த வண்ணப்பொருள். அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை, அந்தப் பொருள் இயற்கையாகவோ தற்செயலாகவோ கலந்திருக்கலாமே என்றார்கள். 2021-இல் வரைபடம் முழுவதையும் ஆராய்ந்து, கோடுகள் எங்கும் டைட்டானியம் பரவியிருப்பதைக் காட்டிய பிறகு யேல் பல்கலைக்கழகமே அதைப் போலி என்று அறிவித்தது. அப்போது தெரிந்த இன்னொரு செய்தி எனக்கு மையைவிடச் சுவையாகப் பட்டது: பின்பக்கத்தில் பழைய நூல்கட்டுநர் எழுதிவைத்த உண்மையான இலத்தீன் குறிப்பு ஒன்றின்மேல் புதிய மையால் திருத்தி எழுதி, இந்த வரைபடத்தையே குறிப்பதாக அதை மாற்றியிருந்தார்கள். வண்ணப்பொருள் தற்செயலாகக் கலக்கலாம் என்று வாதிடலாம். குறிப்பு தற்செயலாகத் திருந்தாது. ஏமாற்றும் நோக்கம் இருந்ததற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதில் கூற்றின் நிலையையும் பாருங்கள். 1960-இல் ஹெல்கே இங்ஸ்டாடும் அவருடைய மனைவி ஆன் ஸ்டீனாவும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸோ மெடோஸ் என்ற இடத்தில் நார்ஸ் (வைக்கிங்) மக்களின் குடியிருப்பைக் கண்டறிந்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் கி.பி. 1021-இல் வெட்டப்பட்டவை என்று 2021-இல் துல்லியமாகக் கணிக்கப்பட்டது. ஆகவே வரைபடம் மெய்ப்பிக்க முயன்ற செய்தி உண்மை, மெய்ப்பிக்க வந்த வரைபடம் பொய். இரண்டையும் ஒன்றாகக் கட்டி வகைப்படுத்துகிறவர், போலி அம்பலமான அன்று உண்மையையும் சேர்த்து எறிந்துவிடுவார்.

ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் மாதிரியே கெட்டுப்போயிருந்தால் ஆய்வு முழுவதும் கெடும். 1983-இல் ஜெர்மானிய வார இதழ் ஸ்டெர்ன் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று 90 லட்சத்துக்கும் அதிகமான மார்க் கொடுத்து வாங்கிய ஏடுகளைக் கையெழுத்து வல்லுநர்கள் சரியென்றே சொன்னார்கள். அவர்களிடம் ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட 'ஹிட்லர் கையெழுத்து' மாதிரிகளில் சில, நாட்குறிப்பை எழுதிய கோன்ராட் குயாவே எழுதியவை! தாளிலும் கட்டிலும் போருக்குப் பிந்திய வேதிப்பொருள்களும் இழைகளும் இருப்பதை அரசு ஆவணக்காப்பகம் சொன்னபோது கதை முடிந்தது.

எனவே தொல்லியலாளர் ஆய்வகத்துக்கு முன் கேட்பது, பொருள் எங்கே, யாரால், எந்த மண்ணடுக்கில் எடுக்கப்பட்டது, அதற்குப் பின் யார் கைகளின் வழியாக வந்தது என்பவற்றையே. இந்த வரலாறு இல்லாத பொருளை எவ்வளவு நுட்பமான கருவியில் வைத்தாலும் பாதி விடைதான் கிடைக்கும்.

கேள்வி: பெரிய அறிஞர்கள்கூட எப்படி ஏமாந்தார்கள்? பில்ட்டவுன் விவகாரம் 40 ஆண்டுகள் நீடித்ததாகப் படித்தேன்.

பதில்: எதிர்பார்த்ததைக் கொண்டுவந்து கொடுத்தவரைச் சந்தேகிப்பது கடினம். 1912-இல் வழக்கறிஞரும் பழம்பொருள் ஆர்வலருமான சார்லஸ் டாசன், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் எடுத்ததாகச் சொல்லி மண்டையோட்டுத் துண்டுகளையும் தாடையெலும்பையும் அருங்காட்சியக அறிஞர் ஆர்தர் ஸ்மித் வுட்வார்டிடம் கொண்டுவந்தார். மனித மண்டையும் குரங்குத் தாடையும் கொண்ட அந்த உருவம், மனித இனத்தில் முதலில் வளர்ந்தது மூளையே என்ற அன்றைய எதிர்பார்ப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தியது; பிரான்சிலும் ஜெர்மனியிலும் பழைய மனித எச்சங்கள் கிடைத்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்துக்கும் ஒன்று கிடைத்ததில் மகிழ்ச்சி வேறு. மூல எலும்புகளைப் பெரும்பாலோர் தொட்டு ஆராயவில்லை, வார்ப்பு நகல்களையே பார்த்தார்கள். 1916-இல் டாசன் இறந்த பிறகு அந்த இடத்தில் புதிதாக எதுவும் கிடைக்கவே இல்லை என்பதை யாரும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவும் இல்லை.

1953-இல் கென்னத் ஓக்லி, வைனர், லெ குரோ கிளார்க் ஆகியோர் சேர்ந்து உண்மையை வெளியிட்டபோது, எலும்பில் உள்ள ஃபுளோரின் அளவு பழமைக்குப் பொருந்தவில்லை, நிறம் சாயம் ஏற்றியது, பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டவை, தாடை ஒராங்குட்டானுடையது என்பவை எல்லாம் தெரிந்தன. அரத்தின் கீறல்கள் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரிந்தன. தேடிப் பார்த்திருந்தால் 1912-லேயே தெரிந்திருக்கும். இதனால் நேர்ந்த உண்மையான இழப்பு வேறிடத்தில். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த டாங் குழந்தையின் மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் 1925-இல் அறிவித்தபோது, சிறிய மூளையும் மனிதச் சாயலுள்ள பற்களும் கொண்ட அந்த மெய்யான எச்சம் பில்ட்டவுனுக்கு முரணாக இருந்தது அதை ஏற்கத் தயங்கியதற்கு ஒரு காரணம்.

ஜப்பானில் ஷினிச்சி ஃபுஜிமுரா செய்தது இன்னும் எளிமையானது. அவர் கைபட்ட இடமெல்லாம் பழைய கற்கருவிகள் கிடைத்ததால் கடவுளின் கை என்று புகழ்ந்தார்கள். அந்நாட்டின் மனித வரலாறு 6 லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் தள்ளப்பட்டுப் பாடநூல்களிலும் ஏறியது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் மைனிச்சி நாளிதழ், அவரே கருவிகளைக் குழியில் புதைக்கும் காட்சியைப் படம்பிடித்து வெளியிட்டது. அந்தக் கற்கருவிகள் பழையவைதாம், வேறு இடங்களில் எடுத்தவை. பொய்யாக்கப்பட்டது அவை கிடந்த இடம். போலித் தொல்பொருள் என்றால் பொருளைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதில்லை என்பதை உங்கள் வரையறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செய்தவர் எல்லாரும் மோசடிக்காரர்தானா?

பதில்: இல்லை. 1896-இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 2 லட்சம் ஃபிராங்குக்கு வாங்கிய சைத்தாஃபர்னஸ் மன்னரின் பொன்மகுடத்தைச் செய்தவர், ஒடேசா நகரப் பொற்கொல்லர் இஸ்ரேல் ருகமோவ்ஸ்கி. அவரிடம் வேலை கொடுத்த வணிகர்கள், தொல்லியலாளர் ஒருவருக்குப் பரிசளிக்க என்று சொல்லியே செய்வித்தார்கள். 1903-இல் அவர் பாரிஸுக்கு வந்து தாமே அதைச் செய்ததாகச் சொன்னபோது நம்பாதவர்கள், மகுடத்தின் ஒரு பகுதியை மீண்டும் செய்துகாட்டச் சொன்னார்கள், செய்துகாட்டினார். அவர் செய்தது பழைய பாணியில் ஒரு நல்ல வேலை, அதைப் போலியாக்கியது விற்பனைச் சீட்டு. நகல், பயிற்சிக்காகச் செய்த மாதிரி, தாராளமாகப் பழுதுபார்த்த பழம்பொருள் ஆகியவற்றைப் போலியிலிருந்து பிரிப்பது நோக்கமே. அந்த நோக்கம் செய்தவரிடம் இல்லாமல் விற்றவரிடம் மட்டும் இருக்கலாம்.

கேள்வி: வரலாற்று அறிஞர்களும் கருத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று போலி என்பதை நாளை ஏற்கமாட்டார்களா? பிறகு இந்த வகைப்பாட்டுக்கு என்ன மதிப்பு?

பதில்: ஏற்றிருக்கிறார்கள். ஸ்பெயினின் அல்தமிரா குகை ஓவியங்களை 1879-இல் கண்டறிந்த சவுத்துவோலாவை நம்பாமல், அவை அண்மையில் தீட்டப்பட்டவை என்றே அறிஞர் பலர் கருதினார்கள். மோசடி என்றும் பழி வந்தது. வேறு குகைகளிலும் அத்தகைய ஓவியங்கள் கிடைத்த பிறகு, கடுமையாக மறுத்தவர்களுள் ஒருவரான கார்த்தையாக் 1902-இல் வெளிப்படையாகத் தம் தவற்றை ஏற்று எழுதினார். சவுத்துவோலா அப்போது உயிருடன் இல்லை. கிரீட் தீவில் கிடைத்த, அதுவரை யாரும் படித்தறியாத லீனியர் பி என்ற பழைய எழுத்தை ஆராய்ந்த மைக்கேல் வென்ட்ரிஸ், அது எட்ருஸ்கன் மொழியோடு தொடர்புடையது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தார். 1952-இல் தாம் அந்த எழுத்தைப் படித்த முறை கிரேக்கச் சொற்களைத் தரத் தொடங்கியதும் அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

போலி வரலாறு இதைச் செய்வதில்லை என்பதே வேறுபாடு. கி.பி. 614 முதல் 911 வரையிலான 297 ஆண்டுகள் நிகழவே இல்லை, அவை பின்னர் நாட்காட்டியில் சேர்க்கப்பட்டவை என்று ஜெர்மானியரான ஹெரிபர்ட் இல்லிக் வாதிட்டார். மரவளையக் கணக்கு இடையறாமல் அந்த நூற்றாண்டுகளைக் கடந்து செல்கிறது. சீனத்தின் டாங் அரசர் காலத்துக் கிரகணக் குறிப்புகள் வானியல் கணக்கோடு ஒத்துப்போகின்றன. இஸ்லாத்தின் எழுச்சியே அந்தக் காலத்தில்தான் நிகழ்ந்தது. இத்தனைக்கும் பிறகு கருத்தை விட்டுவிடாமல், மரவளையம் தவறு, சீனக் குறிப்பு திருத்தப்பட்டது என்று ஒவ்வொரு சான்றையும் புதிய சதியாக விளக்கிக்கொண்டே போகலாம். எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டால் மட்டும் விடை வராது. நான் அந்தக் கேள்வியை வைத்தே பிரிக்கிறேன். முடிவு விந்தையாக இருக்கிறதா என்பதை வைத்துப் பிரிப்பதில்லை; கிரேக்கக் கடலடியில் 1901-இல் எடுக்கப்பட்ட ஆன்டிகிதெரா பொறி, 30 பற்சக்கரங்களோடு கிரகணங்களைக் கணித்துச் சொல்லும் ஈராயிரம் ஆண்டுப் பழமையான கருவி என்பது எந்தக் கட்டுக்கதைக்கும் குறையாத விந்தைதான்.

கேள்வி: போலி என்று தெரிந்த ஆவணத்தால் வரலாற்றுக்கு ஏதும் பயன் உண்டா?

பதில்: உண்டு. அது சொல்லும் காலத்துக்கு அன்று, செய்யப்பட்ட காலத்துக்குச் சான்றாகும். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் அதிகாரத்தைப் போப்பாண்டவருக்கு அளித்ததாகச் சொல்லும் கொடையாவணத்தை 1440-இல் இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா ஆராய்ந்து, அதன் இலத்தீன் நடையும் ரோம அரசில் வழங்காத பதவிப்பெயர்களும் 4-ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தா என்று காட்டினார். அப்போது வல்லா, போப்பாண்டவரோடு பகைகொண்டிருந்த அரகோன் மன்னரிடம் பணியாற்றினார் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். வாதம் சரியாக இருக்கும்போது வாதிட்டவரின் எசமான் யார் என்பது பொருட்டன்று. இன்று அந்த ஆவணம் 8-ஆம் நூற்றாண்டில் திருச்சபை எதை உரிமை கொண்டாட விரும்பியது என்பதற்கு நல்ல சான்று. இடைக்கால மடங்கள் பல, தம் நிலங்களுக்கு இல்லாத பட்டயங்களை எழுதிக்கொண்டன. அவற்றைச் சலித்தெடுக்க வேண்டிய தேவையிலிருந்தே பிரெஞ்சுத் துறவி மாபியோன் 1681-இல் பட்டய ஆய்வுக்கு முறையான இலக்கணம் வகுத்தார். நம் செப்பேடுகளிலும் இத்தகையவை உண்டு, எழுத்தமைதியும் செப்பேடு தானே சொல்லிக்கொள்ளும் காலமும் முரண்படுவதைக் கொண்டு ஃபிளீட் போன்ற கல்வெட்டறிஞர்கள் அவற்றைத் தனியே பிரித்தார்கள். அத்தகைய செப்பேட்டைப் போலி என்று ஒதுக்கிவிடாமல், எந்த நிலத்துக்காக யார் எப்போது இதைச் செய்திருப்பார் என்று கேட்டால், ஒரு பழைய வழக்கே நம் முன் விரியும்.

கேள்வி: போலி வரலாறு யாருக்கும் கெடுதல் செய்யாத பொழுதுபோக்குதானே?

பதில்: ஆப்பிரிக்காவின் பெரிய சிம்பாப்வேயைப் பாருங்கள். அங்குள்ள கற்கோட்டைகளை 1871-இல் பார்த்த ஜெர்மானியப் பயணி கார்ல் மாவ்ஹ், விவிலியத்தில் வரும் ஷீபா அரசியோடு அவற்றைத் தொடர்புபடுத்தினார். ஆப்பிரிக்கர் இதைக் கட்டியிருக்க முடியாது என்பது குடியேற்ற ஆட்சிக்கு வசதியான கருத்தாயிற்று. அந்தக் கருத்தை மெய்ப்பிக்க வந்த ரிச்சர்ட் ஹால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்கர் வாழ்ந்த மண்ணடுக்குகளைப் பிற்காலக் குப்பை என்று வாரி எறிந்தார். சான்றே அழிந்தது. 1905-இல் ராண்டல் மெக்கைவரும் 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் எஞ்சிய அடுக்குகளை ஆராய்ந்து, அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று நிறுவினார்கள். ஆயினும் அந்நாட்டில் வெள்ளையர் நடத்திய ரொடீஷிய ஆட்சி முடியும்வரை அந்த உண்மையை அரசு வெளியீடுகளில் வெளிப்படையாக எழுத அறிஞர்களுக்குத் தடை இருந்தது. வாரி எறிந்த அந்த மண்ணைத் திரும்ப அடுக்க எந்த ஆய்வாலும் முடியாது.

கேள்வி: இந்தியாவின் முதுகெலும்பை முறிக்க அதன் கல்வியை மாற்ற வேண்டும் என்று மெக்காலே 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு மேற்கோள் அடிக்கடி வருகிறது. உண்மையா?

பதில்: போலி. அந்த நாளில் மெக்காலே கல்கத்தாவில் இருந்தார். அதே நாளில் அவர் எழுதிய கல்விக் குறிப்பு இருக்கிறது. அவரைக் குறைசொல்ல விரும்புகிறவருக்கு அதிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

கேள்வி: போலி என்று தெரிந்த பிறகு அருங்காட்சியகங்கள் அப்பொருள்களை என்ன செய்கின்றன?

பதில்: அழிப்பதில்லை. பில்ட்டவுன் எலும்புகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மகுடம் லூவரில் இருக்கிறது. 1897-இல் ஆஸ்டெக் காலத்தது என்று கருதி பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய படிக மண்டையோட்டில் சுழல் சக்கரத்தால் அறுத்த தடங்கள் இருப்பதை நுண்ணோக்கி காட்டியது. கொலம்பஸுக்கு முந்திய அமெரிக்காவில் அத்தகைய சக்கரம் இல்லை. அதை இப்போது 19-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடாகவே பதிவு செய்திருக்கிறார்கள். 1990-இல் அதே அருங்காட்சியகம் போலிகளையே பொருளாகக் கொண்டு ஒரு பெரிய கண்காட்சியையும் நடத்தியது. இவற்றை வைத்திருப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: ஒரு பட்டறையின் அறுப்புத் தடமோ மையோ சாயமோ ஒருமுறை பதிவாகிவிட்டால், அதே கையிலிருந்து வந்த அடுத்த பொருள் சந்தைக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவே மாதிரியாகிறது.